சிறிய கார்களின் முன்விளக்கு: சுவா வட்டார மக்களின் கோரிக்கைச் சாசனம்

போர்ட்டிக்சன் மாவட்டத்தின் வட எல்லையில், லுக்குட்டிலிருந்து செப்பாங் போகும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் இருக்கிறது எங்கள் சுவா. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். எங்கள் தாத்தா பாட்டி காலத்தில் அவை பால்மரக் காடுகள். பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு விடியுமுன் எழுந்து நடந்து போன தலைமுறை அது. இன்று தோட்டத்துக்குள் வேலை குறைந்துவிட்டது. லயன் வீடுகளிலிருந்து பலரும் வெளியே வந்துவிட்டார்கள். 1998-ல் செப்பாங்கில் அனைத்துலக விமான நிலையம் திறந்த பிறகு, எங்கள் பிள்ளைகளில் பலர் அங்கே சரக்குக் கிடங்கிலும் பாதுகாப்புப் பணியிலும் துப்புரவிலும் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறார்கள். மற்றவர்களுக்கு நீலாய், செண்டாயான் தொழிற்சாலைகள். அவர்களை ஏற்றிக்கொண்டு போகிறவை கஞ்சில், வீவா, பழைய சாகா, பழைய மைவி போன்ற சிறிய கார்கள். இந்தச் சாசனம் அந்தக் கார்களின் முன்விளக்கைப் பற்றியது.

1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் நகர்த்தப்பட்டது. அன்றிலிருந்து இங்கே சூரியன் எழுவது காலை ஏழு மணியை ஒட்டித்தான். சில மாதங்களில் ஏழேகாலையும் தாண்டும். ஏழு மணி ஷிஃப்டுக்குப் போகிறவர் ஆறு மணிக்கே காரை எடுத்தாக வேண்டும். ஏழரைக்குப் பள்ளி என்றால் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தாய் ஆறரைக்கு வாசலைத் தாண்டுகிறார். இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவரும் அதே இருட்டில்தான் வருகிறார். வருடத்தில் எல்லா மாதமும் எங்கள் வேலை நாள் விளக்கைப் போட்டுத்தான் தொடங்குகிறது. பிரேக்குக்குக் கொடுக்கும் மதிப்பை முன்விளக்குக்கும் கொடுங்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

இந்தப் பழைய கார்களில் பெரும்பாலும் இருப்பது ஹெச்4 வகை ஹேலஜன் பல்பு. 12 வோல்ட்; ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55 வாட். ஒரே கண்ணாடிக் குடுவைக்குள் இரண்டு இழைகள். லோ பீம் இழையின் கீழே நகக்கண் அளவுக்கு ஓர் உலோகத் தகடு வளைந்து நிற்கும். அந்தத் தகடு கீழ்ப்பக்கம் போகும் ஒளியைத் தடுப்பதால்தான் வெளிச்சம் சாலையில் மட்டும் விழுந்து, எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காமல் இருக்கிறது. இழையும் தகடும் விளக்கின் உட்புறக் கிண்ணமும் ஒன்றுக்கொன்று அளந்து செய்யப்பட்டவை. வெளிச்சம் போதவில்லை என்று கடையில் கிடைக்கும் எல்இடி பல்பையோ ஹெச்ஐடி பல்பையோ அதே துளையில் சொருகும்போது ஒளி பிறக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் விலகினால் போதும், கற்றை சிதறிவிடும். காருக்குள் இருப்பவருக்குச் சாலை பளிச்சென்று தெரிவது போல இருக்கும். உண்மையில் காருக்கு அருகே தரை வெளுத்திருக்கும். தூரத்தில் வெளிச்சம் குறைந்திருக்கும். மீதி ஒளி எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரரின் முகத்தில் விழும்.

ஆக, எங்கள் சாலையில் இரண்டு ஆபத்துகள் ஒன்றாக ஓடுகின்றன. ஒரு பக்கம் மங்கிப்போன விளக்கு, மறுபக்கம் கண்ணைப் பறிக்கும் விளக்கு. முதலாவதைச் சரிசெய்ய முறையான வழி எட்டாததால்தான் மக்கள் இரண்டாவதை வாங்குகிறார்கள். சட்டம் இருக்கிறது: 1959-ஆம் ஆண்டு வாகனக் கட்டுமான விதிகளும் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும் விளக்குகளைப் பற்றிப் பேசுகின்றன. கருவி இருக்கிறது, தொழில்நுட்பம் இருக்கிறது, துறைகள் இருக்கின்றன. நாங்கள் கேட்பவை எல்லாம் செய்யக்கூடியவை. ஏன் இன்னும் செய்யவில்லை என்பது மட்டுமே எங்கள் கேள்வி.

முதல் கோரிக்கை: முன்விளக்கின் கோணத்தைச் சோதித்து, அங்கேயே திருத்திக் கொடுக்கும் நடமாடும் முகாம் ஆண்டுக்கு இரண்டு முறை சுவாவில் இலவசமாக நடக்க வேண்டும். தனியார் காருக்கு இந்த நாட்டில் ஆண்டுச் சோதனை கிடையாது. பெயர் மாற்றும்போதுதான் பெரும்பாலான கார்கள் சோதனை நிலையத்தின் பக்கம் போகின்றன. ஒரே வீட்டில் பதினைந்து ஆண்டுகள் ஓடும் வீவாவின் விளக்கை யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். தோட்டத்துச் செம்மண் பாதையின் குழிகளில் ஏறி இறங்கும் காருக்கு விளக்கைத் தாங்கும் திருகுகள் தளர்கின்றன. பின் ஸ்பிரிங் தளர்ந்தால் காரின் மூக்கு மேலே தூக்கி, விளக்கும் மேலே பார்க்கிறது. சோதிக்கும் வழி எளிது. தோட்டத்து மண்டபச் சுவருக்கு நேரே, சமதரையில், பத்து மீட்டர் தள்ளிக் காரை நிறுத்துங்கள். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து 65 செண்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், லோ பீமின் மேல்விளிம்பு சுவரில் சுமார் 55 செண்டிமீட்டரில் விழ வேண்டும். பத்து மீட்டருக்குப் பத்து செண்டிமீட்டர் இறக்கம். அதாவது ஒரு விழுக்காடு. இடப்பக்கம் மட்டும் அந்த விளிம்பு சற்று மேலே ஏறும், சாலையோரம் நடப்பவரைக் காட்டுவதற்காக. திருப்புளி ஒன்று போதும். காருக்குப் பத்து நிமிடம் ஆகும். வாகனச் சோதனை உரிமை 2024 ஆகஸ்டு 31 வரை ஒரே நிறுவனத்திடம் இருந்தது. அதன்பின் மற்ற நிறுவனங்களும் வரலாம் என்று அரசு முடிவெடுத்தது. அப்படி வரும் ஒவ்வொரு நிறுவனத்தின் உரிமத்திலும் சிற்றூர்களுக்கான விளக்குச் சோதனை முகாம் ஒரு நிபந்தனையாக இடம்பெற வேண்டும். அக்டோபர், நவம்பர் மழை தொடங்குமுன் முதல் முகாம் இங்கே நடக்க வேண்டும். நனைந்த தாரில் சாலைக் கோடே தெரியாத மாதங்கள் அவை.

இரண்டாவது, மஞ்சளேறிய விளக்கு மூடி. பலரும் பல்பை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். குறை பல்பில் இல்லை, மூடியில் இருக்கிறது. இந்த மூடி பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் மேல் வெயிலைத் தடுக்கும் பூச்சு ஒன்று உண்டு. நிலநடுக்கோட்டு வெயிலில் நாளெல்லாம் நிற்கும் காருக்கு அந்தப் பூச்சு சில ஆண்டுகளில் தேய்ந்து, பிளாஸ்டிக் மஞ்சளாகி, பிறகு பால்போல் மங்கிவிடும். அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கமான ஏஏஏ 2018-ல் செய்த சோதனையில், அப்படி மங்கிய முன்விளக்கு புதிய விளக்கு தரும் ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கையே தந்தது. மீதி நான்கு பங்கும் மூடிக்குள்ளேயே தங்கிவிடுகிறது என்றால், எந்தப் பல்பைப் போட்டுத்தான் என்ன பயன்? பற்பசை போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வீட்டு வைத்தியம் சில மாதம்கூட நிற்பதில்லை, ஏனென்றால் தேய்ப்பதோடு பூச்சும் போய்விடுகிறது. ஆகவே முகாமில் மூடியைத் தேய்த்து, மறுபடி வெயில்தடுப்புப் பூச்சு அடித்துத் தர வேண்டும். பத்து ஆண்டைத் தாண்டிய காரை வைத்திருக்கும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு, மூடி தேறாத நிலையில் விளக்கையே மாற்றிக்கொள்ள மாநில அரசு ஒரு பற்றுச்சீட்டு வழங்க வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அதில் வீட்டு வாடகை, பெட்ரோல், பிள்ளைகளின் பள்ளிச் செலவு போக, இரண்டு முன்விளக்குக்கும் சேர்த்து ஒரே மாதத்தில் செலவழிக்க முடியாது. உயிர் காக்கும் சாதனம் வசதி படைத்தவருக்கு மட்டும் கிடைக்கும் நிலையை நாங்கள் ஏற்கவில்லை.

மூன்றாவதாக, பல்பு விற்பனையை ஒழுங்குபடுத்துங்கள். இன்று ஒரு ஸ்பேர்பார்ட்ஸ் கடையின் கண்ணாடிப் பெட்டியில் தரமான பல்பும் தரமில்லாத பல்பும் ஒரே வரிசையில் இருக்கின்றன. பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்கள் வாங்குபவரைத் திசைதிருப்புகின்றன. "நீல வெள்ளை" என்று விற்கும் ஹேலஜன் பல்பின் குடுவைமேல் நீலப் பூச்சு இருக்கும். அது ஒளியைக் கூட்டுவதில்லை, வடிகட்டிக் குறைக்கிறது. மழையில் அந்த வெளிச்சம் சாலையில் தங்குவதும் இல்லை. 100 வாட் பல்பு என்றால் கம்பியில் ஓடும் மின்சாரம் ஐந்து ஆம்பியரிலிருந்து எட்டு ஆம்பியருக்கு மேல் போகும்; காரின் பழைய கம்பியும் சாக்கெட்டும் அதற்கு ஆனவை அல்ல. 2006-ல் மலேசியா ஐக்கிய நாடுகளின் 1958-ஆம் ஆண்டு வாகன உடன்பாட்டில் சேர்ந்தது. அதன்படி தரச்சோதனையில் தேறிய விளக்கிலும் பல்பிலும் வட்டத்துக்குள் ரோமன் எழுத்தான 'ஈ'யும் பக்கத்தில் ஒரு நாட்டு எண்ணும் பொறித்திருக்கும். ஜெர்மனிக்கு 1, நமக்கு 52. இந்தக் குறி இல்லாத முன்விளக்குப் பல்பைக் கடையிலும் இணையச் சந்தையிலும் விற்கத் தடை வேண்டும். சம்மன் முதலில் விற்றவருக்குப் போகட்டும். வாங்கியவர் கையில் இருப்பது கடையில் வெளிப்படையாக விற்ற பொருள். விற்பனையை விட்டுவிட்டுச் சாலையில் மட்டும் பிடிப்பது பாதி வேலைதான்.

அதோடு, எந்தக் காருக்கு எந்தப் பல்பு என்ற பட்டியல் ஒவ்வொரு கடையிலும் மலாய், தமிழ், சீன மொழிகளில் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் வராத வேலை இது. கஞ்சில், வீவா, மைவி, சாகா என்று மாடல் பெயர், ஆண்டு, பல்பு வகை, வாட் அளவு. இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. சாலைப் போக்குவரத்துத் துறை ஒரு வாரத்தில் அச்சடிக்கலாம். இன்றைக்கே சட்டத்துக்கு உட்பட்ட நல்ல வழி ஒன்று இருப்பதையும் அதில் சொல்லுங்கள்: அதே 60/55 வாட்டில், தரக்குறியோடு, இழையை நெருக்கமாகச் சுற்றிச் செய்த உயர்தர ஹேலஜன் பல்புகள் கிடைக்கின்றன. சாதாரணப் பல்பைவிட அவை தூரம் காட்டும். ஆயுள் கொஞ்சம் குறைவு. இது தெரியாமல்தான் எங்கள் இளைஞர்கள் இரட்டிப்புக் காசு கொடுத்துக் கண்கூசும் பல்பை வாங்குகிறார்கள்.

நான்காவது கோரிக்கையில்தான் நாங்கள் மிகவும் அழுத்தமாக நிற்கிறோம். பழைய சிறிய கார்களுக்குச் சட்டப்படியான எல்இடி மாற்று வேண்டும். 2017 இறுதியில் வந்த புதிய மைவியில் எல்லா ரகத்துக்கும் எல்இடி முன்விளக்கு கொடுக்கப்பட்டது. அதே சாலையில் அதே இருட்டில் ஓடும் 2005 மைவிக்காரருக்கு இன்றுவரை முறையான வழி எதுவும் இல்லை. செய்ய முடியாதது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஜெர்மனியில் 2020-ல் ஹேலஜன் பல்புக்குப் பதிலாகப் பொருத்தும் எல்இடி பல்புக்கு முதன்முறையாக அனுமதி கிடைத்தது. அங்கே கடைப்பிடிக்கும் முறை எளிது: ஒவ்வொரு கார் மாடலின் விளக்கிலும் அந்தப் பல்பைப் பொருத்திக் கற்றையை அளக்கிறார்கள், கண்கூசாமல் தேறினால் அந்த மாடல் பட்டியலில் சேரும், தேறாவிட்டால் சேராது. நம் நாட்டில் ஓடும் சிறிய கார்களில் மிகப் பெரும்பகுதி இரண்டு தேசிய நிறுவனங்கள் செய்த சில மாடல்கள்தான். பத்துப் பதினைந்து மாடல்களைச் சோதித்தால் கிட்டத்தட்ட எங்கள் வட்டாரம் முழுவதும் அடங்கிவிடும். சோதிக்க 2007 முதல் மிரோஸ் என்ற சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகம் இருக்கிறது. அனுமதிக்க சாலைப் போக்குவரத்துத் துறை இருக்கிறது. தேறிய பல்பையோ, முழு விளக்கையோ, அந்த இரண்டு நிறுவனங்களும் தங்கள் சேவை மையங்களில் நியாயமான விலைக்கு விற்க வேண்டும். அந்தக் கார்களை நம்பி வாங்கி, இருபது ஆண்டு ஓட்டி, அவற்றைத் தேசியக் கார் ஆக்கியவர்கள் எங்களைப் போன்ற குடும்பங்கள். போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் சிரம்பான் நாடாளுமன்ற உறுப்பினர். நெகிரி செம்பிலானின் தோட்டச் சாலைகளை அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஆண்டுக்குள் பட்டியலின் முதல் பகுதி வெளியாக வேண்டும். வெளியாகாத ஒவ்வொரு மாதமும் சோதிக்கப்படாத பல்புகள் எங்கள் சாலையில் கூடிக்கொண்டேதான் போகும்.

ஐந்தாவது, அமலாக்கம் அளந்து செய்யப்பட வேண்டும். மாற்றியமைத்த, அளவுக்கு மீறிய விளக்குக்கு 2,000 ரிங்கிட் வரை அபராதம் என்று அதிகாரிகள் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள். தண்டனை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எதிரே வரும் அந்த விளக்கால் கண் இருண்டு நிற்பவர்கள் நாங்களேதான். ஆனால் சாலைத் தடுப்பில் நிற்கும் அதிகாரி கண்ணால் பார்த்து முடிவு செய்வது நியாயம் ஆகாது. கையடக்க ஒளியளவியும் கற்றை பார்க்கும் பலகையும் அவரிடம் இருக்க வேண்டும். கோணம் மட்டும் தவறியிருந்தால், பதினான்கு நாளில் சரிசெய்து காட்டும் அறிவிப்பு போதும். ஹெச்ஐடி பொருத்தியிருந்தால் சம்மன். இந்த வேறுபாடு எழுத்தில் வர வேண்டும்.

அதே அளவுகோல் உயரமான பிக்கப் வண்டிகளுக்கும் லோரிகளுக்கும் முதலில் பொருந்த வேண்டும். கஞ்சிலில் உட்கார்ந்திருப்பவரின் கண் ஏறக்குறைய பிக்கப்பின் முன்விளக்கு மட்டத்தில்தான் இருக்கிறது. கூரைமேலும் பம்பரிலும் எல்இடி பட்டை பொருத்திக்கொண்டு கூட்டரசுச் சாலையில் வருகிறவர்களை இரவில் நிறுத்திச் சோதியுங்கள். காட்டுக்குள் வேலைக்குப் பொருத்திய விளக்கு பொதுச் சாலையில் எரியக்கூடாது. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளின் பின்விளக்கு மண்ணும் எண்ணெய்ப் பசையும் அப்பி, இருபதடி நெருங்கும்வரை தெரிவதில்லை. தோட்டத்து வாசலைத் தாண்டிப் பொதுச் சாலைக்கு ஏறுமுன் ஒவ்வொரு லோரியின், டிராக்டரின் விளக்கையும் ஒளிதிருப்பிப் பட்டையையும் துடைத்துப் பார்த்து அனுப்பும் பொறுப்பு தோட்ட நிர்வாகத்துடையது. ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி. இதற்கு அரசின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நாளை காலையே தொடங்கலாம்.

ஆறாவது கோரிக்கை எங்கள் போமன்களுக்காக. சுவாவிலும் தானா மேராவிலும் லுக்குட்டிலும் சிறிய பட்டறை வைத்திருக்கும் போமன்களை நம்பித்தான் எங்கள் கார்கள் ஓடுகின்றன. ஹெச்4 பல்பைக் கழற்றும்போது பின்னால் இருக்கும் மூன்று துளை சாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பல கார்களில் ஒரு துளையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி, உருகி, உள்ளே பித்தளை கறுத்திருக்கும். பல பழைய கார்களில் விளக்குக்கான முழு மின்சாரமும் ஸ்டியரிங் ஓரத்து சுவிட்ச் வழியாகச் சுற்றித்தான் வருகிறது. கம்பி பழசாகி, இணைப்பு தளர்ந்தால் பேட்டரியில் இருக்கும் வோல்ட் பல்புக்கு வந்து சேருவதில்லை. ஹேலஜன் பல்புக்கு வோல்ட் பத்து விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறக்குறைய முப்பது விழுக்காடு குறையும். ரிலே வைத்துப் பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த கம்பியும் ஃபியூஸும் போட்டுக் கொடுத்தால், அதே பல்பு இழந்த ஒளியைத் திரும்பப் பெறும். பல்பை விரலால் தொடக்கூடாது, தொட்டால் எண்ணெய்ப் பசை ஒட்டிய இடம் சூடேறி ஆயுள் குறையும் என்பது முதல், கற்றையை அளப்பது வரை, ஒரு வார இறுதியில் கற்றுக் கொடுத்துவிடலாம். அந்தப் பயிற்சியைத் தமிழிலும் மலாயிலும், அரசுத் தொழிற்பயிற்சிக் கூடத்தின் சான்றிதழோடு, போர்ட்டிக்சன் மாவட்டத்திலேயே நடத்துங்கள். பட்டறைக்கு ஒரு கற்றை அளவி வாங்கக் குறைந்த வட்டிக் கடன் கொடுங்கள். கூலிவேலை செய்துகொண்டே பழகிய கைகள் அவை. முறையான பயிற்சி கிடைத்தால் நடமாடும் முகாமுக்கு ஆள் தேடி வெளியே போக வேண்டியதில்லை.

ஏழாவது, முகாமில் மோட்டார் சைக்கிளுக்கும் இடம் இருக்க வேண்டும். 2019-ல் இந்நாட்டுச் சாலைகளில் 6,167 பேர் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். விளக்கைப் பற்றிய ஒரு நல்ல விதி எவ்வளவு செய்யும் என்பதற்குச் சான்று எங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது. 1992-ல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கை எரிய விட வேண்டும் என்று அரசு கட்டளையிட்டது. அதன் விளைவைச் சிரம்பானிலும் ஷா ஆலாமிலும் நடந்த விபத்துகளைக் கொண்டு ஆய்வாளர் ராடின் உமாரும் அவருடைய குழுவும் ஆராய்ந்து 1996-ல் வெளியிட்டார்கள். மோட்டார் சைக்கிள் மற்றவர் கண்ணில் படாததால் நேரும் விபத்துகள் ஏறக்குறைய 29 விழுக்காடு குறைந்திருந்தன. ஒரு சுவிட்ச் தட்டுவதில் அவ்வளவு பேர் தப்பினார்கள். அன்று தயங்காமல் முடிவெடுத்த அதே அரசிடம்தான் இன்று நாங்கள் கேட்கிறோம். காலையில் குலை வெட்டவும் பழம் பொறுக்கவும் போகும் பெரியவர்களின் பழைய மோட்டார் சைக்கிள்களில் முன்விளக்கு மினுக்கென்று எரிகிறது, பின்விளக்கு எரிவதே இல்லை. பல்பும் கம்பியும் முகாமிலேயே மாற்றித் தரப்பட வேண்டும். முதுகில் மாட்டும் ஒளிதிருப்பிப் பட்டைகளையும் அங்கேயே கொடுங்கள்.

எட்டாவது கோரிக்கை பொதுப்பணித் துறைக்கும் போர்ட்டிக்சன் நகராண்மைக் கழகத்துக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஓட்டுநர் பார்த்து, உணர்ந்து, பிரேக் போட்டு நிற்க, உலர்ந்த சாலையிலேயே சுமார் 70 மீட்டர் தேவை. ஹேலஜன் லோ பீமில் இருண்ட உடை அணிந்தவர் அந்தத் தூரத்தில் தெரிவது அரிது. ஆகவே விளக்கு மட்டும் போதாது; விளக்குக்குப் பதில் சொல்லும் சாலையும் வேண்டும். ஓரக் கோடும் நடுக்கோடும் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி மணி கலந்த பூச்சில் புதுப்பிக்கப்பட வேண்டும். வளைவுகளில் ஒளிதிருப்பிக் கம்பங்கள் வேண்டும். நடுவில் பூனைக்கண் பதிக்க வேண்டும். தோட்டத்துப் பாதைகள் கூட்டரசுச் சாலையில் வந்து சேரும் ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு தெருவிளக்கு கட்டாயம். தோட்டத்துப் பாதை தனியார் நிலம், சந்திப்பு அரசு நிலம் என்று கோப்பு மேசை மாறி மேசை போவதை இதோடு நிறுத்துங்கள். விளக்கு யார் கணக்கில் எரிந்தாலும் சரி, இருட்டில் திரும்புகிற பள்ளி வேனுக்கு அது எரிய வேண்டும். இரவில் சாலையில் படுக்கும் மாடுகளுக்கு ஒளிதிருப்பிக் கழுத்துப் பட்டை கட்டாயமாக வேண்டும்; மாட்டுக்காரர்களில் எங்கள் ஆட்களும் உண்டு, அவர்களிடம் நாங்களே பேசுகிறோம். பட்டையை நகராண்மைக் கழகம் வாங்கித் தரட்டும்.

எங்கள் பங்கையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் உரிமை கேட்பவர்கள் கடமையிலும் நிற்க வேண்டும். முகாம் நடக்க மண்டபத்தையும் திடலையும் நாங்கள் ஒழுங்கு செய்வோம். வரும் கார்களைப் பதிவு செய்து வரிசைப்படுத்த இளைஞர்கள் தயாராக இருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் காரின் மாடல், ஆண்டு, பல்பு, மூடியின் நிலை ஆகியவற்றை எழுதிப் பட்டியல் எடுத்து, அந்தப் பட்டியலைத் துறைகளிடம் கொடுப்போம். கண்கூசும் பல்பைப் பொருத்தியிருக்கும் எங்கள் பிள்ளைகள் முகாமுக்கு வந்து அதைக் கழற்றிப் பழைய பல்பைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கோயிலிலும் கல்யாண வீட்டிலும் சொல்லி வருகிறோம். அப்படிக் கழற்றித் தருபவருக்கு அன்றைக்குச் சம்மன் போடக்கூடாது; சரியான ஹேலஜன் பல்பு ஒரு ஜோடி இலவசமாகக் கொடுக்க வேண்டும். முகாமின் வெற்றி இந்த ஒரு முடிவில் இருக்கிறது.

இவற்றுள் முதல் கோரிக்கைக்கும் மூன்றாவதில் சொன்ன பட்டியலுக்கும் லோரி விளக்குத் துடைப்புக்கும் முப்பது நாள் போதும். சந்திப்பு விளக்குகளுக்கும் சாலைக் கோட்டுக்கும் அடுத்த நிதி ஒதுக்கீடு வரை அவகாசம் தருகிறோம். எல்இடி மாற்றுக்கு ஓராண்டு. மூடி மாற்றும் பற்றுச்சீட்டை மாநில வரவு செலவில் சேர்க்க வேண்டும். சுவா சட்டமன்றத் தொகுதியின் பிரதிநிதி இந்தச் சாசனத்தைச் சட்டமன்றத்தில் வாசித்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் பொறுப்பேற்கும் துறையின் பெயரையும் முடிக்கும் தேதியையும் பதிவில் ஏற்ற வேண்டும்.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். சுவாவில் மக்கள் முன்னிலையில் கூட்டம் போட்டு அதை வாசியுங்கள். முதல் முகாமின் தேதி அந்தப் பதிலிலேயே இருக்கட்டும். அன்று காலை கார்கள் வரிசையில் நிற்கும்.

இங்ஙனம்,
சுவா வட்டாரத் தோட்ட மக்கள்